சுகர் இல்லை, பிரஷர் இல்லை, மாத்திரை இல்லை

போன வாரம் நம் முதியோர் உதவி மையத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் சொந்தக் காப்பீட்டில் ஒரு சந்தேகம். சிரிக்காதீர்கள், எனக்கும் வயதாகிறது. உள்ளே நுழைந்தால், இப்போது வேலை பார்க்கிற உங்களில் ஒரு பெண் ஒரு பெரியவரை எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கேட்டா என்ன சொல்லணும் தாத்தா?"

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல, மாத்திர இல்ல."

"சூப்பர்."

பெரியவர் பரீட்சையில் பாஸான பையனைப்போல எழுந்து போனார். அந்தப் பெண்ணை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் அவள் ஒருத்தி மட்டும் இப்படிச் செய்கிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். புத்திமதி கேட்கிற வயது உங்களுக்கு இல்லை, சொல்கிற பொறுமை எனக்கும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மூத்த வக்கீலிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். அவர் காலமான பிறகு ராஜபாளையத்துக்கு, இந்த முதியோர் உதவி மையத்துக்கு வந்து சேர்ந்தேன். நம் பக்கத்தில் மனு எழுதுகிறவர்கள் எல்லோரும் வக்கீல்தான். வக்கீலம்மா, வக்கீலம்மா என்று கூப்பிட்டே என்னை வக்கீலாக்கிவிட்டார்கள். நான் மறுத்து மறுத்து அலுத்துப்போய், கடைசியில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இந்த மூன்று 'இல்லை' எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்து அது தொடங்கியது ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம். பித்தப்பையில் கல் என்று சேர்த்திருந்தார்கள். சுகர் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நம் ஆட்கள் எதற்குத்தான் வருஷத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்? "அது கெடக்கு சார், பத்துப் பதினஞ்சு வருசமா" என்றார் அந்த அம்மா. கொஞ்ச நாளாக இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். உண்மையில் பாலிசி எடுத்த பிறகுதான் ஒரு முகாமில் தெரியவந்தது, இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. டாக்டர் பாவம், காதில் விழுந்ததை அப்படியே பதினைந்து வருடம் என்று எழுதிவிட்டார். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த வியாதியை மறைத்துவிட்டீர்கள் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. வாயைத் திறந்தால் கெட்டோம் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஏஜென்ட்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள், டீக்கடையில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்கூடச் சொல்லிக்கொடுத்தார். அட்மிஷனுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒத்திகை நடக்கும், பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதைப்போல. கம்பெனிக்கு மறைப்பதாக நினைத்துக்கொண்டு டாக்டருக்கு மறைத்தார்கள். கத்தியைக் கையில் எடுக்கப்போவது டாக்டர்தான், கம்பெனிக்காரன் இல்லை என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

குருசாமி அப்படித் தயார் செய்யப்பட்ட ஆள். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இருந்த காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் கை நரம்பு வழியாக ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. மனைவி போன பிறகு ஒரே மகள் முத்துலட்சுமியின் வீட்டுக்கு வந்தார். மகள் வீட்டு ரேஷன் கார்டில் பெயரைச் சேர்த்ததும் அந்த அட்டை கைவிட்டுப் போயிற்று. மருமகனுடைய வருமானம் வரம்புக்கு மேலே.

மருமகனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிற மனிதன். மாமனாருக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தான். எத்தனை மகன்கள் அதைச் செய்கிறார்கள்? பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜென்ட், "ஹார்ட்டு கீர்ட்டுன்னு எழுதாதீங்க, தள்ளிவிட்டுருவான்" என்றான். எழுதவில்லை.

குருசாமிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மையத்துக்கு வந்து என்னிடம் கேட்டார். மறைத்தது தப்பு, இப்போதாவது கம்பெனிக்கு எழுதிச் சொல்லிவிடுவோம், கூடுதலாகக் கட்டச் சொன்னாலும் சொல்வார்கள், ஏற்றுக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர் சில நாள் கழித்து வந்தார். "மருமவன் வேண்டாங்காவ. நீங்க இத யாருட்டயும் சொல்லிராதீங்க வக்கீலம்மா" என்றார். சரி என்றேன்.

அந்தச் 'சரி' சாதாரணமாகச் சொன்ன சொல் இல்லை. எங்கள் வக்கீல் ஐயா எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த முதல் நாளே சொன்னது இதுதான்: கட்சிக்காரர் நம்மிடம் சொன்னது அவருடைய சொத்து, அவர் சம்மதம் இல்லாமல் அதை வெளியே எடுத்தால் நாம் திருடர்கள். அந்த ஆபீஸில் இருந்தவரைக்கும், அதற்குப் பிறகு இந்த மையத்திலும், நான் அதை மீறியதே இல்லை. கோர்ட்டு வராந்தாவில் பொறுக்கியெடுத்த பழக்கங்களில் எனக்குப் பெருமை தந்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று.

மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று குருசாமி தண்ணீர் எடுக்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் குடத்தோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு முத்துலட்சுமி எனக்குப் போன் செய்தாள். கம்பெனியில் முன் அனுமதி வாங்க வேண்டும், நீங்கள் வந்து கொஞ்சம் பாருங்கள் அக்கா என்றாள்.

நான் போனபோது அனுமதி கேட்டு எல்லாம் அனுப்பியாகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வந்திருந்தார். சின்ன வயதுப் பெண். குருசாமியின் கையில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது.

"இது என்ன ஐயா?"

"விழுந்ததுல பட்டது டாக்டர்" என்றாள் முத்துலட்சுமி, அப்பாவை முந்திக்கொண்டு.

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிரஷர்? நெஞ்சுக்கு ஏதாவது வைத்தியம் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"தினமும் சாப்பிடுற மாத்திரை?"

"ஒரு மாத்திரையும் கெடையாது. மில்லு ஒடம்பும்மா இது."

டாக்டர் சிரித்தார். மகள் சிரித்தாள். கதவோரம் நின்ற மருமகன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நெஞ்சில் தழும்பு இருந்தால்தானே டாக்டருக்குச் சந்தேகம் வரும்? எல்லாம் கை நரம்பு வழியாக நடந்த வேலை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது முதுகுத்தண்டில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கசிந்து கால் விளங்காமல் போகலாம். ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காமல் ஆளே போகலாம். டாக்டர் படிப்பு படிக்காத எனக்கே தெரிந்தது இது.

செத்த நேரம் எங்களைத் தனியே விடுங்கள் என்று மகளையும் மருமகனையும் வெளியே அனுப்பினேன்.

"ஐயா, அந்த மாத்திரைய டாக்டர்ட்ட சொல்லியே ஆகணும்."

"வேண்டாம் வக்கீலம்மா."

"உயிர் போயிரும்யா."

"போனா போவுது. எம்புட்டு நாளு இருந்தாச்சு."

"கம்பெனி தரலேன்னா வேற வழி பாப்போம். நான் பாக்கேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

"துட்டுக்காகச் சொல்லல வக்கீலம்மா. அந்த வீட்ல எனக்கு ஒரு கட்டில் போட்டுருக்காவ. பேரப்புள்ளைய ரெண்டும் ஸ்கூல் விட்டு வந்து எங் கால்மாட்டுல உக்காந்துதான் எழுதும், படிக்கும். என்னால கம்பெனிக்குத் தெரிஞ்சு எல்லாம் கெட்டுட்டா, மருமவன் மூஞ்சில நான் முழிக்க முடியுமா? அந்தக் கட்டில் போயிரும். பொறவு காலு நல்லா இருந்து நான் எங்க நடந்து போவ?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட சரின்னு சொன்னீங்க" என்றார்.

இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும், பிள்ளைகளே. ஒருபக்கம் அவர் உயிர். இன்னொரு பக்கம் அவர் கேட்டது. புத்தி தெளிவாக உள்ள ஒரு பெரிய மனிதர், தனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவருக்கு உயிரைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கட்டிலில் நானா படுத்தேன்?

யோசிக்க அவகாசம் இல்லை. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. நான் ஒன்று மட்டும் செய்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லவில்லை. "ஐயா, நான் இப்பப் போயி டாக்டர்ட்ட சொல்லப் போறேன். உங்க பேச்ச மீறித்தான் சொல்றேன். நீங்க செத்துப்போறதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் எனக்கு நன்றி சொல்லவில்லை. "ஏன் எல்லாரும் இப்படியே பண்றீங்க? நாங்க என்ன ஜோசியமா பாக்கோம்?" என்று கத்தினார். நியாயமான கத்தல். ஆபரேஷனை நிறுத்தினார்கள். மாத்திரையை நிறுத்தி, இதய டாக்டரை வரவழைத்து, சில நாள் காத்திருந்து, வேறு விதமாக மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

மருமகன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "நீங்க யாரு எங்க வீட்ல?" கம்பெனி பணம் தரமாட்டேன் என்றது. அதோடு குடும்பம் மொத்தத்துக்கும் இருந்த பாலிசியையே ரத்து செய்தது. வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்ததற்கும் நெஞ்சில் இருக்கிற ஸ்டென்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரைக்கும் போனேன். ஆலங்குளத்து அம்மாவுக்கு நடந்தது அநியாயம், சண்டை போட இடம் இருந்தது. இங்கே மறைத்தது நிஜம். வாய்க்கு வந்தபடி வாதாடிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை.

மருமகன் கூச்சல் போடவில்லை, மாமனாரை ஒரு வார்த்தை வையவும் இல்லை. மனைவி, பிள்ளைகள் என்று எல்லோருக்கும் இருந்த பாதுகாப்பு போய்விட்டதே என்ற பயம் அவனுக்கு. கால் சரியாகிறவரைக்கும் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூரில், திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட பக்கத்து மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு முதியோர் விடுதியில் கொண்டுபோய் விட்டான். கால் சரியாயிற்று. அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் இடம் போதவில்லை என்று செய்தி வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கே இருக்கிறது. டாக்டரிடம் மறைக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது கொலைக்குப் பக்கத்து வேலை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே நாம் பெரிய யோக்கியர்கள் ஆகிவிட மாட்டோம். உண்மைக்கு ஒரு விலை உண்டு. சொல்வது நாம், விலை கொடுப்பது அவர்கள். நாம் வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுத் தூங்குகிறோம். இதை நினைக்கும்போது எனக்கு என்மேலேயும் எரிச்சல் வருகிறது, இந்த வேலையின்மேலேயும் வருகிறது.

நான் அவரை விடவில்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே, அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனேன். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் விசாரித்துப் பராமரிக்கச் சொல்லி உத்தரவு போடுவார், வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று விளக்கினேன். குருசாமி கைத்தடி இல்லாமல் நடந்து வந்து எதிரே உட்கார்ந்தார். நடை சுத்தமாக இருந்தது.

"யாரு மேல மனு?"

"மக மேலய்யா."

"மருமவன் பேரு வராதா?"

"வராது. சட்டத்துல மகன், மகள், பேரன், பேத்திதான். மருமகனுக்குப் பொறுப்பு கிடையாது."

குருசாமி சிரித்தார். கசந்த சிரிப்பு.

"ரேசன் கார்டுல தலைவன் அவன். பாலிசில தலைவன் அவன். போகச் சொன்னதும் அவந்தான். கேசுல மட்டும் எம் மவளா? அவ ஒருத்திதான வக்கீலம்மா எனக்குன்னு அழுதவ."

முத்துலட்சுமி மாசத்துக்கு ஒரு தடவை ஆண்டாள் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்க வருகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோட்டீஸ் போனால் அதுவும் நின்றுவிடும். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விடுதி மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அவர் பிரச்சினை. "பிள்ளைங்க கைவிட்ட கேசுன்னா நான் சமூக நல அலுவலருக்கு எழுதணும்மா. அவங்க அந்தப் பொண்ணக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. இல்ல, இவரு விருப்பப்பட்டு வந்ததா எழுதிக் குடுத்தா என் பாடு தீர்ந்துச்சு. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே வேணும்" என்றார்.

குருசாமி என் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்க வக்கீலம்மா. எம் மவ வீட்ட விட்டு நான் எம் இஷ்டத்துக்குத்தான் வந்தேன்னு எழுதுங்க."

"அது நெசம் இல்லையேய்யா."

"நெசம் இல்லதான். எழுதுங்க."

எழுதினேன். என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, இந்த விடுதியில் தங்க வந்துள்ளேன். கோர்ட்டுத் தமிழ் கைக்குத் தானாக வந்தது. என் மகள் என்னை எந்தக் குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள் என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். மேலாளர் தலையாட்டினார். குருசாமி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில உங்களுக்குப் பொய் வரல. இன்னைக்கு வருது பாத்தீயளா?" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. எனக்கு ஆறுதல் சொல்வதாக அவர் நினைத்திருக்கலாம்.

"ஆமாய்யா, வருது" என்றேன்.